லாக் வளைவு தப்பாக வருகிறதா? தாளில் தெரிவதை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு முகப்பில் உட்கார்ந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கல்லூரி முதலாண்டுக்காரர்களுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மடக்கைச் சார்பின், அதாவது லாக்கின், வளைவரையை நகர்த்து, நீட்டு, திருப்பு என்கிற பாடம் வந்துவிட்டால் போதும், ஒவ்வொரு வருடமும் அதே தப்புகள்தான் வரிசையாக வந்து நிற்கும், போடுகிற ஆள்தான் மாறுவார். "சார், எல்லாம் விதிப்படிதான் போட்டேன், ஆனா விடையில இருக்கிற படம் மாதிரி வரல" என்று நோட்டை நீட்டுவார்கள். எந்த விதி என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். படம் மட்டும் வராது.

அதனால் இதைப் பாடமாக எழுதவில்லை. உங்கள் தாளில் என்ன தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு கோளாறு எங்கே என்று தேடிப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம், கீழே வருகிற எல்லாமே அதை நம்பித்தான் நிற்கிறது. சமன்பாடுகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எக்ஸ், ஒய், லாக் என்று எழுதுகிறேன். லாக்₂ என்றால் அடிமானம் 2.

முதலில் மூன்று கேள்வி

ஒய் = லாக்₂ எக்ஸ் என்பதுதான் மூல வளைவு. (1/2, −1), (1, 0), (2, 1), (4, 2), (8, 3) என்று ஐந்து புள்ளி வைத்து இணைத்தால் வந்துவிடும். எக்ஸ் = 0 என்ற செங்குத்துக் கோடு இதற்குச் சுவர். புத்தகத்தில் தொலைத்தொடுகோடு என்று போட்டிருக்கும், நான் சுவர் என்றே சொல்கிறேன், ஏனென்றால் வளைவு அதன் ஓரமாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்குமே தவிர ஒருநாளும் அதைத் தொடாது.

இப்போது லாக்கின் அடைப்புக்குள் எக்ஸ் மட்டும் இல்லாமல் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் சேர்ந்து கிடக்கிறதா, விதியைத் தேடாதீர்கள். அடைப்புக்குள் இருப்பது முழுவதையும் ஒரே ஆளாகப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். நீ எப்போது 0 ஆவாய்? அங்கே சுவர். நீ எப்போது 1 ஆவாய்? அங்கே லாக்கின் மதிப்பு 0. நீ எப்போது அடிமானத்துக்குச் சமமாவாய்? அங்கே லாக்கின் மதிப்பு 1. ஒரு சுவர், இரண்டு புள்ளி. லாக் வளைவைப் பிடித்து நிறுத்த இவ்வளவு போதும், நான்காவதாக ஒரு புள்ளி வைத்தால் சரிபார்ப்பதற்கு ஆயிற்று. கூட்டினால் இடது, கழித்தால் வலது என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அந்த விதியில் தப்பில்லை, தேர்வு அறையில் அது பாதிதான் ஞாபகத்துக்கு வரும் என்பதுதான் தொல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரே நேராகப் பின்வாசல் வரை தெரியும். எக்ஸை அப்படித் தெருவிலிருந்து உள்ளே வருகிற ஆளாக வைத்துக்கொள்ளுங்கள், லாக் என்பது நடுவாசல். அந்த வாசலுக்கு முன்னால் எக்ஸுக்கு என்ன நடந்தாலும் அது வளைவைப் படுக்கைவாட்டில்தான் அசைக்கும், அதுவும் எழுதியிருப்பதற்கு எதிர்த்திசையில். வாசலைத் தாண்டிய பிறகு நடப்பது வளைவைச் செங்குத்தாக அசைக்கும், எழுதியிருக்கிறபடியே. கீழே வருகிற தப்புகளில் பாதிக்கு மேல் வாசலுக்கு முன்னால் நடந்ததைப் பின்னால் நடந்ததாக நினைத்ததால் வந்தவை.

அறிகுறி: வளைவின் வடிவம் சரி, ஆனால் தப்பான பக்கம் போய் நிற்கிறது

ஒய் = லாக்₂(எக்ஸ் + 3) கேட்டிருக்கிறார்கள், நீங்கள் சுவரை எக்ஸ் = 3 இல் வைத்திருக்கிறீர்கள். கூட்டல் என்றதும் கை தானாக வலது பக்கம் போகும், எல்லோருக்கும் போகும்.

மூன்று கேள்வியைக் கேளுங்கள். எக்ஸ் + 3 எப்போது 0? எக்ஸ் = −3 இல், சுவர் அங்கே. எப்போது 1? எக்ஸ் = −2 இல், புள்ளி (−2, 0). எப்போது 2? எக்ஸ் = −1 இல், புள்ளி (−1, 1). சரிபார்க்க 4 ஐ எடுத்தால் எக்ஸ் = 1, புள்ளி (1, 2). வளைவு மொத்தமும் மூன்று கட்டம் இடது பக்கம் வந்துவிட்டது.

ஏன் இடது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு மறக்காது. லாக் 0 ஆக வேண்டுமானால் வாசலுக்குள் 1 என்ற எண் போயாக வேண்டும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டு வருகிறவர் கையில் மூன்று ரூபாய் வைத்துவிடுகிறார் என்றால், தெருவிலிருந்து வருகிற எக்ஸ் மூன்று குறைவாகவே வந்தால் போதும். முன்பு 1 இல் நடந்த காரியம் இப்போது −2 இலேயே நடந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம், இதற்குத் தனி விதி எதற்கு?

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கணக்குத் தப்பு என்பதைவிட எழுத்துத் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். லாக்₂(எக்ஸ் − 3) என்பதை அடைப்புக்குறி இல்லாமல் லாக்₂ எக்ஸ் − 3 என்று நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதை நீங்களே மூன்று கட்டம் கீழே இறக்கிவிடுவீர்கள். வினாத்தாளைத் திரும்பப் பார்க்காதவரை இது கண்ணில் படாது.

அறிகுறி: பக்கம் சரி, தூரம் மட்டும் உதைக்கிறது

ஒய் = லாக்₂(2எக்ஸ் + 6). ஆறு கட்டம் இடது போய், அங்கே நின்றபடி பாதியாகச் சுருக்கியிருப்பீர்கள், சுவர் எக்ஸ் = −6 இல் நிற்கும். விடையில் அது −3 இல் இருக்கும்.

2எக்ஸ் + 6 = 0 என்று போட்டாலே −3 வந்துவிடுகிறது, தகராறு முடிந்தது. அடைப்புக்குள் 1 ஆவது −2.5 இல், 2 ஆவது −2 இல், 8 ஆவது எக்ஸ் = 1 இல். ஆக (−2.5, 0), (−2, 1), (1, 3).

விதிப்படிதான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. 2 ஐப் பொதுவாக வெளியே எடுத்து 2(எக்ஸ் + 3) என்று எழுதி, முதலில் பாதியாகச் சுருக்கி, பிறகு மூன்று இடது நகர்த்தலாம். இல்லையென்றால் முதலில் ஆறு இடது நகர்த்தி, பிறகு ஒய் அச்சை நோக்கி எல்லாவற்றையும் பாதியாக்கலாம், அப்போது −6 இல் நின்ற சுவரும் சேர்ந்து −3 க்கு வந்துவிடும். நீங்கள் செய்த தப்பு இந்த இரண்டாம் வழியில்தான் ஒளிந்திருக்கிறது: சுருக்கும்போது வளைவை மட்டும் சுருக்கி, சுவரை ஆணியடித்த மாதிரி அங்கேயே விட்டுவிட்டீர்கள். சுருக்கம் என்றால் ஒய் அச்சிலிருந்து எவ்வளவு தூரமோ அதைப் பாதியாக்குவது, சுவருக்கும் அதுவேதான்.

நான் முதல் வழியையே சொல்லித் தருகிறேன், இரண்டாவது வழியில் எழுதுகிறவர்களுக்கும் மதிப்பெண் போடுவேன், ஆனால் அதில் தப்பாமல் வருகிற பிள்ளைகள் குறைவு.

அறிகுறி: வளைவு சுவரில் முட்டுகிறது, அல்லது தாண்டிவிடுகிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

தாண்டினால் தப்பு, சந்தேகமே வேண்டாம். சுவரை வரையாமல் முதலில் வளைவை வரைந்திருப்பீர்கள். எப்போதும் சுவரைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டுத்தான் வளைவில் கை வைக்க வேண்டும். வீடு கட்டுகிறவர் கூரையை முதலில் போடுவதில்லை.

கீழே போய் வளைவு கொக்கி மாதிரி திரும்பி மறுபடி மேலே வருகிறது என்றால், பரவளையம் வரைந்து பழகிய கை செய்த வேலை அது.

சுவரில் முட்டுவது மாதிரி தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள், அது தப்பாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு என்று வைத்து ஒய் = லாக்₂ எக்ஸ் வரைந்தால், சுவரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வளைவின் ஆழம் −3.32 தான், அரை மில்லிமீட்டர் தள்ளி −4.32. பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும். ஆக −4 க்குக் கீழே போய்விட்டால் வளைவும் சுவரும் ஒன்றாகத்தான் தெரியும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கடைசியில் ஓர் அம்புக்குறி போட்டுக் கீழ்நோக்கிப் போகிறது என்று காட்டிவிடுங்கள், போதும்.

போனில் வரைகிற செயலிகளில் இதற்கு நேர்மாறு. வளைவு −8, −9 பக்கம் போய்த் திடீரென்று அறுந்த மாதிரி நின்றுவிடும். திரையில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு மட்டும்தான் அது மதிப்புக் கண்டுபிடிக்கிறது, சுவருக்கும் முதல் புள்ளிக்கும் நடுவில் உள்ளது அதற்குத் தெரியவே தெரியாது. எக்ஸ் = 0.001 இல் லாக்₂ மதிப்பு −9.97. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வால் நீளும். இதைப் பார்த்துவிட்டு வீச்சகம், அதாவது ஒய் எடுக்கிற மதிப்புகள், −9 இல் தொடங்குகிறது என்று எழுதிய பையன் ஒருவன் உண்டு, நல்ல பையன்தான், போனை நம்பிவிட்டான்.

அறிகுறி: வலது பக்கம் போகப் போக வளைவைத் தட்டையாக்கிவிட்டீர்கள்

இது பார்வைக்குச் சின்னத் தப்பு, மதிப்பெண்ணில் பெரியது. வளைவு மெதுவாக ஏறுகிறது என்பதால் எங்கேயோ ஓர் உயரத்தில் நின்றுவிடும் என்று நினைத்து, ஒய் = 5 இல் ஒரு படுக்கைக் கோட்டைக்கூடப் போட்டுவிடுவார்கள். லாக் வளைவுக்குப் படுக்கைச் சுவர் கிடையாது, வீச்சகம் எல்லா மெய்யெண்களும்தான்.

ஆனால் அந்த ஏற்றம் எவ்வளவு மந்தம் என்பது கையால் வரைகிறவர்களுக்கு உறைப்பதில்லை. ஒருநாள் இந்த முகப்பின் தரையிலேயே போட்டுக் காட்டினேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கட்டம் கட்டமாக இருப்பதால் வரைபடத்தாளைவிட நன்றாகத் தெரியும். ஒரு கல்லுக்கு ஓர் அலகு, 1 இல் 0, 2 இல் 1, 4 இல் 2, 8 இல் 3 என்று சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் 16 ஆவது கல்லில் முகப்பு முடிந்து படி வந்துவிட்டது, உயரம் வெறும் நான்கு கல். (வீட்டுக்கார ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. "தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன், அதுல கிறுக்குறியளே" என்று சத்தம் போட்டுவிட்டு, அப்புறம் அவரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.)

தாளிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு என்றால், வளைவு இருபது சென்டிமீட்டர் உயரம் ஏற 10,48,576 சென்டிமீட்டர் வலது போக வேண்டும், அதாவது 10 கிலோமீட்டர் 485 மீட்டர். காரைக்குடியில் தாளை விரித்தால் ஏறத்தாழ குன்றக்குடி வரை போகும். இருபத்தொன்றாவது சென்டிமீட்டருக்கு அதே தூரம் இன்னொரு மடங்கு. மெதுவாகப் போகிறது, நிற்கவில்லை. வரையும்போது வலது ஓரத்தில் கையைக் கொஞ்சம் மேல்நோக்கியே விடுங்கள், படுக்கையாக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: வளைவு முகம் திரும்பி நிற்கிறது

கழித்தல் குறி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாசலைத் தாண்டிய பிறகு, அதாவது −லாக்₂ எக்ஸ் என்றால், எக்ஸ் அச்சில் மடிந்து மேலுள்ளது கீழே போகும், சுவர் அதே இடத்தில். வாசலுக்கு முன்னால், அதாவது லாக்₂(−எக்ஸ்) என்றால், ஒய் அச்சில் மடிந்து வளைவு இடது பக்கம் போய்விடும். "மைனஸ் எக்ஸுக்கு லாக் கிடையாதே சார்" என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார்கள். −எக்ஸ் என்று எழுதியிருப்பதாலேயே அது குறை எண் ஆகிவிடாது, எக்ஸ் −4 ஆக இருந்தால் −எக்ஸ் 4 தானே.

உண்மையான தொல்லை லாக்₂(3 − எக்ஸ்) இல் இருக்கிறது. கழித்தல் இருக்கிறது, திருப்பு; 3 இருக்கிறது, மூன்று இடது நகர்த்து. இப்படிச் செய்தால் சுவர் −3 இல் வந்து நிற்கும். ஆனால் 3 − எக்ஸ் எப்போது 0 என்று கேட்டால் 3 இல் என்கிறது. எக்ஸ் = 2 இல் 0, எக்ஸ் = 1 இல் 1, எக்ஸ் = −1 இல் 2, எக்ஸ் = −5 இல் 3. சுவர் வலது பக்கம் 3 இல், வளைவு அங்கிருந்து இடது பக்கமாக ஏறிப் போகிறது. −(எக்ஸ் − 3) என்று எழுதிப் பார்த்தால் விதிக்காரர்களுக்கும் புரியும்: திருப்பிய பிறகு மூன்று வலது. நகர்த்துவதற்கு முன் எக்ஸின் முன்னால் உள்ள எண்ணை, அது −1 ஆகவே இருந்தாலும், வெளியே எடுத்தே தீர வேண்டும். முன்பு 2எக்ஸ் + 6 இல் செய்ததும் இதே வேலைதான்.

அறிகுறி: சுவர் சரி, பக்கம் சரி, உயரம் மட்டும் ஒட்டவில்லை

ஒய் = −2 லாக்₂(எக்ஸ் − 1) + 3. சுவர் 1 இல் சரியாகப் போட்டுவிட்டு, (2, −6) என்று ஒரு புள்ளி வைத்திருந்தால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்: முதலில் மூன்று மேலே தூக்கிவிட்டு, பிறகு −2 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். வாசலைத் தாண்டிய பிறகு எழுதியிருக்கிற வரிசையிலேயே நடக்க வேண்டும், முதலில் பெருக்கல், கடைசியில் கூட்டல்.

ஒரு சின்ன அட்டவணை போட்டால் இது வரவே வராது. அடைப்புக்குள் 1, 2, 4, 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 2, 3, 5, 9. லாக் 0, 1, 2, 3. −2 ஆல் பெருக்கினால் 0, −2, −4, −6. மூன்றைக் கூட்டினால் 3, 1, −1, −3. முடிந்தது. லாக்கின் முன்னால் குறை எண் இருப்பதால் சுவரின் ஓரத்தில் வளைவு மேலே போகும், கீழே போகாது; புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தும் பழக்கத்தில் சுவரோரம் கீழே இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. எக்ஸ் அச்சை எங்கே வெட்டும் என்று கேட்டிருந்தால், லாக் 1.5 ஆக வேண்டும், ஆகவே எக்ஸ் − 1 = 2.83, எக்ஸ் ஏறக்குறைய 3.83. மேலே உள்ள அட்டவணையில் 3 க்கும் 5 க்கும் நடுவில் குறி மாறுகிறது, ஆகவே ஒத்துப்போகிறது.

அறிகுறி: இரண்டு வெவ்வேறு சமன்பாடு, ஒரே வளைவு வருகிறது

இதற்காக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் தப்பே இல்லை. லாக்₂(8எக்ஸ்) ஐப் படுக்கைவாட்டில் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தால், லாக்₂ எக்ஸ் ஐ மூன்று கட்டம் மேலே தூக்கிய அதே வளைவுதான் வரும். பரவளையத்திலோ சைன் வளைவிலோ சுருக்கினால் சுருங்கிய மாதிரி தெரியும், இங்கே அது தூக்கியதாக மாறிவிடுகிறது. பெருக்கலைக் கூட்டலாக்குவதற்குத்தானே நேப்பியர் 1614 இல் மடக்கை அட்டவணையையே வெளியிட்டார். கிளார்க் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்தில் 2 க்கு 0.3010 பார்த்துவிட்டு, 20 க்கு 1.3010, 200 க்கு 2.3010 என்று எழுதினோமே, அது படத்தில் எப்படித் தெரியும் என்றால் இப்படித்தான்: பத்தால் பெருக்கு, ஒரு கட்டம் ஏறு.

அடிமானம் மாறும்போதும் இந்த மாதிரி ஒரு வேலை நடக்கிறது. லாக்₂ எக்ஸ் என்பது லாக்₁₀ எக்ஸ் ஐ 3.32 மடங்கு உயரத்துக்கு இழுத்தது, புது வளைவு ஒன்றும் இல்லை. அடிமானம் 1/2 என்றால் −லாக்₂ எக்ஸ் தான். நம் ஊரில் வட்டி சொன்னால் சட்டென்று புரியும் என்பதால் அதையே சொல்கிறேன். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம், ஆண்டுக்கொரு முறை அசலோடு சேர்க்கிறார்கள். பணம் எக்ஸ் மடங்காக எத்தனை வருடம்? லாக் எக்ஸ் ஐ லாக் 1.12 ஆல் வகுத்தால் வரும். இரண்டு மடங்குக்கு 6.12 வருடம், நான்கு மடங்குக்கு 12.23, எட்டு மடங்குக்கு 18.35. அதாவது லாக்₂ வளைவை 6.12 மடங்கு உயரத்துக்கு இழுத்தது. வட்டி விகிதம் குறைந்தால் இன்னும் உயரம் இழுபடும். எந்த விகிதமானாலும் 1 மடங்கு என்ற இடத்தில் வளைவு 0 வருடத்திலேயே நிற்கும், நீட்டும்போது எக்ஸ் அச்சில் உள்ள புள்ளி மட்டும் அசையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. லாக்₂(எக்ஸ் + 8) க்கும் லாக்₂ எக்ஸ் + 3 க்கும் ஒரே வளைவு வந்தால் அது நிச்சயம் தப்பு. பெருக்கல்தான் கூட்டலாகும், கூட்டல் கூட்டலாகவே வெளியே வராது.

அறிகுறி: கையால் போட்டது ஒன்று, போன் காட்டுவது வேறு

பெரும்பாலும் அடிமானச் சண்டை. 10 ஐக் கொடுத்து லாக் போட்டுப் பாருங்கள். 1 வந்தால் அடிமானம் 10, 2.3026 வந்தால் இயற்கை மடக்கை, அதன் அடிமானம் ஏறத்தாழ 2.718. எக்செலில் லாக் என்று மட்டும் அடித்தால் அடிமானம் 10, பைத்தானின் கணிதத் தொகுப்பில் அதே லாக் இயற்கை மடக்கை. இரண்டும் அடிமானம் 2 இல்லை என்பதால், உங்கள் படமும் அதன் படமும் சுவரில் ஒத்துப்போய், எக்ஸ் அச்சை வெட்டும் இடத்திலும் ஒத்துப்போய், உயரத்தில் மட்டும் பிரியும். ஆனால் அந்த வெட்டும் இடம் ஒத்துப்போவது வெளியே எதையும் கூட்டாதபோது மட்டும்தான்.

சுவரே ஒத்துப்போகவில்லை என்றால் அடிமானத்தைக் குறை சொல்லாதீர்கள். அடைப்புக்குறியைத் தப்பான இடத்தில் மூடியிருப்பீர்கள்.

அறிகுறி: பாதி வளைவைக் காணோம், அல்லது கேட்காத பாதி வந்து நிற்கிறது

லாக்₂(எக்ஸ்²) ஐ 2 லாக்₂ எக்ஸ் என்று மாற்றி எழுதினீர்கள். எக்ஸ் = −4 ஐப் போட்டுப் பாருங்கள், முதலாவது 4 தருகிறது, இரண்டாவது கிடையாது என்கிறது. முதலாவதற்குச் சுவரின் இரு பக்கமும் வளைவு உண்டு, நீங்கள் சுருக்கியபோது இடது பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். சுருக்குவதற்கு முன்பே சார்பகத்தை, அதாவது எந்தெந்த எக்ஸுக்கு வளைவு உண்டு என்பதை, ஓரமாக எழுதி வைத்துவிடுங்கள். மட்டுக்குறிக்கும் இதே பார்வைதான்: அது உள்ளே இருந்தால் இடது பக்கம் ஒரு பிரதி வரும், வெளியே இருந்தால் கீழே இருந்த பகுதி மேலே மடியும்.

அறிகுறி: வளைவே வரவில்லை, நேர்கோடு வருகிறது

கல்லூரிக்காரர்களுக்கு இது. ஆய்வகத்தில் அரைமடக்கைத் தாள் கொடுத்திருப்பார்கள், அதில் ஒரு அச்சு 1, 10, 100 என்று சம இடைவெளியில் போகும். லாக் எடுக்கிற வேலையைத் தாளே செய்துவிடுவதால் ஒய் = ஏ + பி லாக் எக்ஸ் எல்லாம் நேர்கோடாகத்தான் வரும். வளைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காரைக்குடியில் சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் டாஃபெல் கோட்டோடு வந்து நிற்பதுண்டு. 1905 இல் யூலியஸ் டாஃபெல் கண்ட சமன்பாடு அது, மிகை மின்னழுத்தம் (மின்வாயில் சமநிலைக்கு மேல் கொடுக்கிற கூடுதல் மின்னழுத்தம்) = ஏ + பி லாக் மின்னோட்டம். நம் பாஷையில் சொன்னால் மூல வளைவைப் பி மடங்கு நீட்டி, ஏ அளவு தூக்கியது, அவ்வளவே. அரைமடக்கைத் தாளில் நீட்டல் சாய்வாகத் தெரியும், தூக்கல் கோட்டின் உயரமாகத் தெரியும். 25 டிகிரி செல்சியஸில் ஓர் எலக்ட்ரான் கணக்கில், மாற்றக் கெழு 0.5 என்றால் சாய்வு மின்னோட்டம் பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவைக்கும் 118 மில்லிவோல்ட். 51 என்று வந்தால் பி ஐ இயற்கை மடக்கையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், 2.303 ஆல் பெருக்க மறந்துபோயிற்று.

இடது ஓரத்தில், மின்னோட்டம் குறைவான இடத்தில், புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால் அழித்துவிட்டு மறுபடி அளக்க ஓடாதீர்கள். மின்னோட்டம் 0 ஐ நெருங்கும்போது லாக் சுவரோரமாக அதளபாதாளத்துக்கு இறங்கும், ஆனால் நிஜ மின்வாயில் மிகை மின்னழுத்தம் 0 க்குத்தான் வரும். எதிர் வினையும் சேர்ந்து நடப்பதால் அங்கே இந்தச் சமன்பாடே செல்லாது. நேராக ஓடுகிற பகுதியை மட்டும் எடுத்துக் கோடு போடுங்கள்.

தாளில் 0 எங்கே என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1 க்கு இடது பக்கம் 0.1, அதற்கு இடது 0.01, எத்தனை தாள் ஒட்டினாலும் இப்படியேதான் போகும். சுவரைத் தாளுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.